டின்மீனும் சோயாமீட்டும்: தோட்டத்துச் சமையலில் சத்தைக் கூட்டும் வழி

நேரமும் விறகும்

ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பிவிட்டு மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே லயத்துக்குத் திரும்பி அடுப்பை மூட்டுவதால், கோதுமைமா ரொட்டியும் சம்பலும் தேநீருமே பல வீடுகளில் வேளை உணவாகிவிடுகின்றன. இதனை அவர்களின் அறியாமை என்பது அநீதி. அங்கே குறைவாயிருப்பவை நேரமும் விறகும் பணமுமே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதமாகவும் பெருந்தோட்டங்களில் ஏறத்தாழ 32 வீதமாகவும் இருந்ததைக் காட்டியது. ஆகவே வேலையைக் குறைக்கும் கடைப்பொருட்களை ஒதுக்குவதைவிட, அவற்றைச் சத்துக்கு உதவும்படி கையாளுவதே பொருத்தமாகும்.

விரைவில் வேகும் புரதம்

சோயாமீட் என்பது எண்ணெய் நீக்கிய சோயா மாவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் துண்டுகளாக்கி உலர்த்திய பொருள். சுவை சேர்க்காத வகையில் எடையில் ஏறத்தாழ பாதி புரதமாக இருப்பதுடன், சுடுநீரில் சிறிது நேரம் ஊறினாலே அது சமையலுக்கு ஆயத்தமாகிவிடும். மைசூர் பருப்போ ஊறவைக்காமலே விரைவில் வெந்து, விறகையும் மிச்சப்படுத்துகிறது. டின்மீனின் முள் மென்மையாக வெந்திருப்பதால், அதனை மசித்துச் சேர்த்தால் புரதத்தோடு எலும்பை வலுப்படுத்தும் கல்சியமும் கிடைக்கும். இம்மூன்றில் ஒன்று ரொட்டியோடு சேர்ந்தாலே அந்த வேளை உணவின் தரம் மாறிவிடுகிறது.

உப்பு

டின்மீனிலும் மசாலாப் பொதியோடு வரும் சோயாமீட்டிலும் உள்ள குறை, உப்பு மிகுதியே. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், டின்மீனின் நீரை வடித்துவிடுவதும், சோயாமீட் பொதியிலுள்ள மசாலாவில் பாதியை மட்டும் இட்டுக் கறிக்கு வேறு உப்பு சேர்க்காதிருப்பதும் நல்லது. பொதியில் உப்புக்குரிய நிற அடையாளம் சிவப்பாக இருப்பின், அதில் உப்பு மிகுதி என்பது பொருள்.

கீரை, தேசிக்காய், தேநீர்

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிச்சாற்றின் உயிர்ச்சத்து சி அதற்குத் துணைசெய்ய, தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் அதனைத் தடுக்கின்றன. இரத்தசோகைக்கு ஆளாகும் பெண்களும் கர்ப்பிணிகளும் உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரமேனும் விடுவதும், வல்லாரையையோ பொன்னாங்காணியையோ அரிந்து ரொட்டி மாவிலேயே பிசைவதும் செலவில்லாத வழிகளாகும்.

திரிபோஷ

சோளமும் சோயாவும் கலந்து முன்கூட்டியே வேகவைக்கப்பட்ட திரிபோஷ மாவு, 1970களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசினால் இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை நீர்விட்டு உருண்டையாகப் பிடித்தாலே உண்ணலாம். ஆயினும் வீட்டில் பசித்திருப்போர் பலராயிருக்கும்போது தாயின் பொதி எல்லோருக்குமாகப் பிரிந்து, அவளுக்குரிய அளவு சுருங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கென ஒரு சட்டிப் பருப்பு அடுப்பிலிருக்கும் நாளில் அந்தப் பொதி அவளுக்கே மிஞ்சும்.