அறுவைக்குப் பணம் உண்டு, கண்காணிப்புக்கு?

மைசூரு: பிறவியிலேயே இதய வால்வு பழுதுபட்ட குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கு அரசுத் திட்டங்கள் உள்ளன. ஆனால், வால்வு ஓரளவு ஒழுங்காக இயங்கியும் பெருந்தமனி மெல்ல விரிவடைந்து வரும் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலையிலேயே விழுகிறது.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்குள் ரத்தம் நுழையும் வாயிலில் உள்ள வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு அது இரண்டே இதழ்களுடன் அமைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே பெருந்தமனி உடல் வளர்ச்சிக்கு மீறிப் பருக்கத் தொடங்குகிறது. தமனிச் சுவரின் பிறவிப் பலவீனமும், கோணலாகப் பாயும் ரத்தத்தின் தாக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. குழந்தைகளிடம் தமனி கிழிவது மிக அரிது. ஆபத்து பெரும்பாலும் வளர்ந்த பிறகே வருகிறது. பெற்றோர் பீதியடைய வேண்டியதில்லை, மறந்துவிடவும் கூடாது.

பெரியவர்களுக்கு 5.5 செ.மீ. விரிவை எட்டினால் அறுவை என்ற பொது வரையறை உண்டு. வளரும் குழந்தைக்கு அது பொருந்தாது. உயரம், எடைக்கேற்ப இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டே விரிவை மதிப்பிட வேண்டும். எனவே ஒரு எக்கோ பரிசோதனை போதாது. முந்தைய அளவுகளும் கையில் இருக்க வேண்டும்.

கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனமான ஜெயதேவா இதய நோய் மருத்துவமனையின் மைசூரு கிளை, கே.ஆர்.எஸ். சாலையில் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் இயக்குநராக 2024 ஜனவரி வரை இருந்த டாக்டர் சி.என்.மஞ்சுநாத், மைசூரு மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவ்வாண்டே பா.ஜ.க. சார்பில் பெங்களூரு ஊரகத் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்றார். இத்துறையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அவையில் இருக்கும்போது, இக்கேள்வி அங்கு எழ வேண்டும்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்கின்றன. பிறவி இதய நோயும் அதன் பட்டியலில் உண்டு. எனினும், இரட்டை இதழ் வால்வு ஸ்டெதாஸ்கோப்புக்குப் பிடிபடாமலே போகக்கூடும். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை தந்தாலும், உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. புறநோயாளியாக வந்து எடுக்கும் எக்கோ அதில் அடங்காது.

சிறார் திட்டம் 18 வயதோடு முடிகிறது. அதுவரை சேர்த்த பரிசோதனை அறிக்கைகளை, ஆபத்து கூடும் வயதில், குடும்பமே பாதுகாத்துச் சுமக்க வேண்டியுள்ளது. இக்குறை குடும்ப வழியிலும் வருவதால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒருமுறையாவது எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அச்செலவும் கைக்காசுதான்.