ஒண்ணும் நடக்கல சார்!

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப். பி.ஹெச். மீட்டர் எக்ஸ்பெரிமென்ட். பீக்கரில் 20 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேலே பியூரெட்டில் காஸ்டிக் சோடா. ஒவ்வொரு மில்லியா விட்டு, கலக்கி, ரீடிங் எழுதணும். 1.04... 1.09... 1.13... உங்களுக்கும் ஞாபகம் இருக்கும் பாஸ், கொட்டாவிதான் வரும்! முள்ளு நகர்றதுக்குள்ள கேன்டீன்ல சமோசா தீர்ந்துடும்.

அதனால நாங்க என்ன பண்ணினோம்? நீங்க என்ன பண்ணீங்களோ அதேதான். முதல் 17 ரீடிங்கை சீனியர் ரெக்கார்டில் இருந்து 'சுட்டு', பதினெட்டாவது மில்லியில் இருந்து ஒழுங்கா எடுத்தோம். கிராஃப் சூப்பரா வந்தது. முதல்ல சமதரை, அப்புறம் செங்குத்தா ஒரு ஏணி, மறுபடி சமதரை. கையெழுத்தும் வாங்கியாச்சு.

செமஸ்டர் பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் வந்தார். கிராஃபைப் பார்த்தார். ஏணியைப் பத்தி கேட்பார்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அவரோ சமதரையில் விரலை வெச்சார். "10 மில்லி விட்டப்போ பீக்கருக்குள்ள என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல சார். பி.ஹெச். பெருசா மாறல."

சிரிச்சுட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுட்டார். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன். அந்தச் சிரிப்புதான் மறக்கல. இந்தக் கட்டுரை அவருக்கு நான் லேட்டா சொல்ற பதில்.

இலக்கத்தை எண்ணுற மீட்டர்

ரெண்டு பக்கமும் 0.1 நார்மல்னு வெச்சுக்குவோம். 20 மில்லி அமிலத்தில் 2 மில்லி ஈக்விவலன்ட் இருக்கு. 10 மில்லி காஸ்டிக் சோடா விட்டா அதில் 1 காலி. அதாவது பாதி அமிலம் செத்தாச்சு! மிச்சம் இருக்கிற 1, இப்போ மொத்தம் 30 மில்லி தண்ணியில் கரைஞ்சிருக்கு. வகுத்தா 0.033. லாக் போட்டு மைனஸைத் தட்டினா 1.48. பாதி சாம்ராஜ்யம் போயிடுச்சு, மீட்டரோ 1-ல இருந்து ஒண்ணரைக்குக்கூட வரல.

ஏன்? ரூம்மேட்கிட்ட ஆயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கீங்க. கடன் எத்தனை இலக்கம்னு மட்டும் பார்க்கிற ஒரு விநோதமான கணக்குப்பிள்ளை அவன். நீங்க 500 திருப்பிக் கொடுத்தாலும், "இன்னும் மூணு இலக்கம் இருக்கேடா"ம்பான். 900 கொடுத்தா கடன் 1000-லிருந்து 100. அவன் கணக்கில் ஒரு படி. அடுத்த படிக்கு 90 ரூபாய் போதும். அதுக்கடுத்த படிக்கு வெறும் 9 ரூபாய். கடைசியில் சில்லறையை நீட்டினாலே, "ஆஹா, படபடன்னு அடைக்கிறானே!"ன்னு அசந்துடுவான்.

பி.ஹெச். அந்தக் கணக்குப்பிள்ளைதான். 1909-ல் இதைக் கொண்டுவந்தவர் சோரன்சன். டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆமா, அதே பீர் கம்பெனிதான்! பத்தின் மைனஸ் அடுக்குகளை எழுதி எழுதிக் கை வலிக்காம இருக்க, அடுக்கை மட்டும் எடுத்துக்கிட்டார்.

இப்போ 18 மில்லி விடுங்க. தொண்ணூறு சதவிகிதம் காலி, பி.ஹெச். 2.28. 19.8 விடுங்க, தொண்ணூத்தொன்பது காலி, 3.30. 19.9-ல் 3.60. சரியா 20-ல் 7. அதைத் தாண்டினா கணக்கை அப்படியே திருப்பிப் போடணும். 20.1-ல் 0.1 மில்லி காஸ்டிக் சோடா எக்ஸ்ட்ரா. அதை 40.1 மில்லியால் வகுத்து லாக் போட்டா பி.ஓ.ஹெச். 3.60. பதினாலில் இருந்து கழிச்சா 10.40. அதாவது 19.9-க்கும் 20.1-க்கும் நடுவில், வெறும் நாலே சொட்டில், கிட்டத்தட்ட ஏழு யூனிட் தாவல்! அந்த நாலு சொட்டும் ஒண்ணும் விசேஷமான சொட்டு இல்லை. முதல் மில்லியில் விழுந்த சொட்டு எவ்வளவு அமிலத்தைக் கொன்னதோ அதே அளவைத்தான் இதுவும் கொல்லுது. வித்தியாசம் மிச்சத்தில்.

அதனால ஃபார்முலா எதையும் உருப்போடாதீங்க. எந்த இடத்தில் கேட்டாலும் 'மிச்சம் எவ்வளவு, எத்தனை மில்லியில்' என்ற ஒரே கேள்விதான். ஏணிக்கு நடுவில் ஒவ்வொரு மில்லியா விட்டு, "எண்ட் பாயின்ட் எங்கே போச்சு?"ன்னு தேடுற கூட்டம் ஒண்ணு ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்கும். அங்கே 0.1 மில்லியா விடணும்.

ராணி கரைச்ச முத்து

ஹைட்ரோகுளோரிக் அமிலம் சண்டைன்னா முழுசா இறங்குற ஆள். வினிகர் அப்படி இல்லை. அதில் இருக்கிற அசெட்டிக் அமிலம் வீக் ஆசிட். ஆள்பலத்தில் பெரும்பகுதியை உள்ளேயே உட்கார வெச்சிருக்கும். அதே 0.1 அளவு எடுத்தா பி.ஹெச். 1 இல்லை, 2.88. பாதி நியூட்ரலைஸ் பண்ணினதும் அமிலமும் அதோட உப்பும் சரிசமம். அந்த இடத்து பி.ஹெச்.தான் அதோட பி.கே.ஏ., 4.76. முன்னே பின்னே போனா, உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்துக்கு லாக் போட்டு இதோட கூட்டிக்கணும். அவ்வளவுதான் ஹெண்டர்சன் சமன்பாடு. எண்ட் பாயின்ட்டும் 7 கிடையாது, 8.7 பக்கம். அதனாலதான் இங்கே மெத்தில் ஆரஞ்சு வேலைக்கு ஆகாது, பினாப்தலீன் வேணும். இந்தச் சமதரைக்குப் பேர்தான் பஃபர். எதிரியைப் போட்டாலும் அசராது.

வினிகர்னதும் ஒரு கதை. கிளியோபாட்ரா பந்தயத்துக்காக ஒரு முத்தை வினிகரில் போட்டுக் குடிச்சதா ரோமானியர் பிளினி எழுதி வெச்சிருக்கார். கதை நிஜமோ கப்ஸாவோ, கெமிஸ்ட்ரி கரெக்ட். முத்துன்னா பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கார்பனேட் ஒரு காரம், வினிகர் ஒரு அமிலம். ஆக, ராணியம்மா செஞ்சதும் ஒரு டைட்ரேஷன்தான். ரெக்கார்டு நோட்தான் எழுதல!

முத்துன்னு சொன்னா எங்க ஊருக்கு வராம முடியுமா? நான் தூத்துக்குடிங்க. மக்ரூனுக்கும் பொரிச்ச புரோட்டாவுக்கும் முன்னாடியே எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முத்துதான். கரையில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டுகளுக்கு எங்க பக்கம் 'பார்'னு பேர். அங்கேதான் முத்துச்சிப்பி கூட்டம் கூட்டமா ஒட்டி வளரும். கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்புறம் 1973-ல், இதே தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கரு வெச்சு, உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினாங்க. 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வெச்சாங்க.

பாட்டிலில் கொஞ்சம் கடல்

லீவுக்கு ஊருக்குப் போனப்போ துறைமுகக் கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சேன். "ஏல, வீட்ல தண்ணி வரலியா?"ன்னு பசங்க ஓட்டினாங்க. போகட்டும். காலேஜ் திரும்பினதும், லேப் அசிஸ்டென்ட் அண்ணனைத் தாஜா பண்ணி மீட்டர் வாங்கினேன்.

முதல்ல 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர். அதில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லி. மீட்டர் சடார்னு மூணுக்கு விழுந்தது. கணக்குப் போட்டாலும் 3-தான். அடுத்து 100 மில்லி கடல் தண்ணி. அதே ஒரு மில்லி. ஆறுக்குக் கீழே இறங்கவே மாட்டேன்னுது!

காரணம் பைகார்பனேட். கடலின் மேல்மட்டத் தண்ணியில் அமிலத்தைத் தாங்குற சரக்கு, அதாவது ஆல்கலினிட்டி, லிட்டருக்கு சுமார் 2.3 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். 100 மில்லியில் 0.23. நான் விட்ட அமிலம் 0.1. அதை பைகார்பனேட் கட்டிப்பிடிச்சு கார்பன் டை ஆக்சைடா மாத்திடுச்சு. மிச்ச பைகார்பனேட் சுமார் 0.13, உண்டான கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.07. கடல் தண்ணியில் இந்த ஜோடியோட பி.கே.ஏ. 5.85 பக்கம். விகிதத்துக்கு லாக் போட்டுக் கூட்டுங்க, 6.1 வரும். கலக்கும்போது கொஞ்சம் வாயு பறந்துட்டா ரீடிங் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இந்த இடத்தில்தான் எனக்கு எக்ஸ்டர்னல் ஞாபகம் வந்தது. ஒரு மில்லி அமிலத்துக்குக் கடல் பெருசா அசரல. ஆனா கையிருப்பில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல செலவாயிடுச்சே! சமதரையில 'ஒண்ணும் நடக்கல'ன்னு நினைச்சேன் பாருங்க... செலவு பூரா அங்கேதான்.

நிஜக் கடலிலும் ஒரு டைட்ரேஷன் ஓடிக்கிட்டிருக்கு. பியூரெட் வானம். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. நாம விடுற புகையில் கிட்டத்தட்ட கால் பங்கைக் கடல் விழுங்குது. தண்ணியில் கரைஞ்சதும் அது கார்பானிக் அமிலம். உலகக் கடல்களின் மேல்மட்ட பி.ஹெச். சராசரியா 8.2-லிருந்து 8.1 பக்கம் வந்திருக்கு. "ப்பூ, 0.1-தானே?"ன்னு கேட்டீங்கன்னா நீங்களும் நம்ம ரூம்மேட் கட்சி. பத்தின் 0.1 அடுக்கு 1.26. ஹைட்ரஜன் அயனி நூத்துக்கு 26 கூடியிருக்குன்னு அர்த்தம்.

கூடின ஹைட்ரஜன் அயனி முதல்ல யாரைப் பிடிக்கும்? கார்பனேட்டை. அது பைகார்பனேட்டா மாறிடும். சிப்பி தன் ஓட்டையும் முத்தையும் கட்டுற செங்கல்லே அந்த கார்பனேட்தான். கார்பனேட் குறையக் குறைய, அடுத்து வர்ற அமிலத்தைத் தாங்குற சக்தியும் குறையும். அதுக்காக முத்துக்குளிப்பு நின்னதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுடாதீங்க. அது 1961, இந்தப் பிரச்னை உலகத்துக்கு உறைச்சது ரொம்பப் பின்னாடி.

உறைச்ச இடங்களில் ஒண்ணு அமெரிக்காவின் ஆரெகான் மாநிலம். அங்கே விஸ்கி க்ரீக்னு ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணை. (பேரைப் பார்த்து வேற எதுவும் நினைக்காதீங்க, அது ஓடையோட பேர்!) 2007-லிருந்து குஞ்சுகள் கொத்துக் கொத்தா செத்தது. கிருமின்னு நினைச்சாங்க. கடைசியில் பார்த்தா, ஆழத்தில் இருந்து மேலே வந்த அமிலத்தன்மை கூடின தண்ணி. வைத்தியம் என்ன தெரியுமா? தண்ணியைச் சோதிச்சு, தேவையான அளவு சோடா ஆஷ் கலக்குறது. அதாவது சோடியம் கார்பனேட். டைட்ரேஷனை ரிவர்ஸில் ஓட்டுறாங்க!

அந்த சோடா ஆஷ் தயாரிப்பில் எங்க ஊருக்கும் ஒரு கதை உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில், நிலக்கரி கொதிகலன் புகையில் இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு சோடாவா மாத்தும் ஏற்பாடு 2016-ல் தொடங்கி, 2017 ஜனவரியில் உலகச் செய்தியாச்சு. வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கலாம்னு அப்போ கணக்கு சொன்னாங்க. பிடிக்கிற திரவத்தைக் கொடுத்தது ஐ.ஐ.டி. கரக்பூரில் படிச்ச ரெண்டு இளைஞர்கள் ஆரம்பிச்ச கம்பெனி. திரவத்தில் என்ன? அமீனும் பஃபர் உப்பும். புகை அமிலம், திரவம் காரம். மறுபடி அதே சண்டை! உலகம் விடுற புகைக்கு முன்னாடி 60,000 டன் ஒரு சொட்டுகூட இல்லைங்கிறது வேற விஷயம். ஆனா, நம்ம லேப் மேனுவல்ல இருக்கிற பாடம் ஒரு ஃபேக்டரி சைஸில் ஓடினதைக் கேட்டப்போ எனக்குக் கொஞ்சம் ஜிவ்வுன்னு இருந்தது.

நீங்களும் பண்ணிப் பார்க்கலாம். கடல் பக்கத்தில் இல்லைன்னா போர் தண்ணி போதும், அதிலும் பைகார்பனேட் இருக்கும். மீட்டரை 4, 7, 9.2 பஃபர்களில் செட் பண்ணிக்குங்க. 100 மில்லி தண்ணி, 0.1 நார்மல் அமிலம், 0.1 மில்லியா விடுங்க. கடல் தண்ணின்னா 2.3 மில்லியை ஒட்டி, பி.ஹெச். நாலரை பக்கம் ஒரு சரிவு வரணும். என் பாட்டிலில் பாதிதான் காலியாச்சு. மீதியை ரூமில் வெச்சிருக்கேன். அடுத்த தடவை முதல் சொட்டில் இருந்து ரீடிங் எடுக்கப் போறேன். இருபது வரும் தாராளமா. ஒண்ணைக்கூடச் சுடாம.