விலை கேட்கும் முன்னே லைசென்சைக் காட்டு!
ரிச்சி தெருவில் ‘ஹாம்’ ரேடியோ வாங்கப் போகிறவர்கள் உஷார்

(நமது நிருபர்)

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கையில் காசு இருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். டி.வி. ரிமோட், கம்ப்யூட்டர், காமிரா, பழைய ஆம்ப்ளிபயர், ஒரு ரூபாய் ரெசிஸ்டர் எல்லாம் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு இதைவிட்டால் சென்னையில் வேறு போக்கிடம் இல்லை.

ஆனால் ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் காசு போதாது. காகிதமும் வேண்டும்!

அதுதான் ‘ஹாம்’ ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக் கருவி. முறையாகத் தொழில் செய்கிற கடைக்காரரிடம் போய் “அண்ணே, வயர்லெஸ் செட்டு என்ன விலை?” என்று கேட்டால் அவர் விலை சொல்லமாட்டார். “லைசென்ஸ் இருக்கா தம்பி?” என்றுதான் முதலில் கேட்பார்.

பேசுகிற ரேடியோ

இது பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல, பேசுகிற ரேடியோ. கேட்கவும் செய்யும், பதில் அனுப்பவும் செய்யும். மொட்டைமாடியில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டு, டெலிபோன் ஆபீசும் செல்போன் கோபுரமும் இல்லாமலே வெளிநாட்டுக்காரனோடு பேசலாம். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக் குறி ‘வி.யு.2 ஆர்.ஜி.’

இந்தியாவில் ஹாம்களின் அழைப்புக் குறி வழக்கமாக ‘வி.யு.’ என்றுதான் தொடங்கும். அதை வாங்க மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடமும் சட்டதிட்டமும் கேட்பார்கள். பாஸ் செய்து, டபிள்யூ.பி.சி. என்ற மத்திய வயர்லெஸ் பிரிவிடம் லைசென்ஸ் பெற்ற பிறகுதான் வாய் திறக்கலாம். அப்போதும் வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது.

விளையாட்டு வினையாகும்

“கையடக்க வாக்கி டாக்கிதானே, இதற்கெல்லாம் லைசென்சா?” என்று கேட்கிறவர்கள் நிறைய. அங்கேதான் ஆபத்து.

சீனாவிலிருந்து வரும் மலிவு செட்டுகளில் ‘பாவ்ஃபெங் யு.வி.5ஆர்’ என்பது பேர்போனது. நம் நாட்டு ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தக் குட்டி செட்டோ 136 முதல் 174 வரை பேசும். 400க்கு மேலும் தாவும். அந்த இடைவெளியில் மற்ற இலாகாக்களின் வயர்லெசும் ஓடுகிறது. தெரியாமல் பட்டனை அமுக்கினாலும் அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே நாம் போய் நிற்போம். ஒரு தீயணைப்பு வண்டிக்குப் போக வேண்டிய தகவல் அந்த நேரத்தில் போகாமல் நின்றால் யார் பொறுப்பு?

பேசினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டமே சொல்லிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதை விடவில்லை. “ஆன்லைனில் விற்றான், வாங்கினேன்” என்று ஸ்டேஷனில் சொன்னால் எடுபடாது. ஆன்லைன் வியாபாரிகளுக்கும் 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடிவாளம் போட்டது. லைசென்ஸ் விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்கக்கூடாது என்று நெறிமுறை வந்தது.

லைசென்ஸ் வேண்டாத செட்டும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பேசும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018இல் விலக்கு கொடுத்தார்கள். கல்யாண மண்டபம், அடுக்குமாடி வாட்ச்மேன் வேலைக்கு இது தாராளம். ஆனால் அரசின் கருவி ஒப்புதல் பெற்ற மாடல்தானா என்று கேட்டு, பில்லோடு வாங்க வேண்டும். “எல்லா ஸ்டேஷனும் எடுக்கும் சார்!” என்று ஒருவன் ஆசை காட்டினால், அந்த செட்டைத் தொடாமல் நடையைக் கட்டுங்கள்.

செட்டைவிடக் கம்பி முக்கியம்

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது. இப்போது என்ன வாங்குவது?

புதிதாக வருகிறவர்கள் பணம் முழுவதையும் செட்டில் கொட்டிவிடுவார்கள். ஏரியலுக்கும் கேபிளுக்கும் மிச்சம் இருக்காது. அனுபவசாலிகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏரியல் என்பது சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து பத்து மீட்டராக உயரத்தில் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இதைத் தயார் நிலையில் வாங்கத் தேவையே இல்லை. கம்பியும் இன்சுலேட்டரும் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கேபிளில்தான் ஏமாறுவது. டி.வி.க்குப் போடும் கேபிள் 75 ஓம். ஹாம் செட்டுக்கு வேண்டியது 50 ஓம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 50 ஓமிலும் ‘ஆர்.ஜி.58’ மெல்லியது, ‘ஆர்.ஜி.213’ தடிமனானது. விலையைப் பார்த்து மெல்லியதை வாங்கி, 145 மெகாஹெர்ட்சில் 30 மீட்டர் இழுத்தால் என்ன ஆகும்? செட்டு 5 வாட் அனுப்பினாலும் மாடிக்குப் போய்ச் சேருவது ஒன்றரை வாட்கூட இருக்காது. மீதி கேபிளிலேயே சூடாகப் போய்விடும். தடிமனான கேபிளில் பாதியாவது மிஞ்சும்.

செம்பு என்று சொல்லி அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிக் கொடுப்பதும் உண்டு. நடுக்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் குட்டு உடைந்தது!

பழைய செட்டு வாங்குகிறீர்களா?

ஐகாம், கென்வுட் போன்ற ஜப்பான் கம்பெனி செட்டுகள் புதிதாக வாங்க மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பலரும் செகண்ட் ஹாண்ட் தேடுகிறார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. கவனிக்க வேண்டியவை இவை:

* ‘டம்மி லோடு’ எனப்படும் 50 ஓம் சுமையை மாட்டி, வாட் மீட்டர் வைத்துப் பேசிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டுக் கேட்கிறது என்பதால் பேசவும் செய்யும் என்று அர்த்தமில்லை.

* 100 வாட் செட்டுக்கு 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர்வரை தேவை. சின்ன அடாப்டர் தாங்காது. பவர் சப்ளைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* முந்தைய சொந்தக்காரரின் லைசென்ஸ் விவரம், செட்டின் சீரியல் நம்பர், விற்பனைச் சீட்டு மூன்றும் வேண்டும். சீரியல் நம்பர் சுரண்டியிருந்தால் அது திருட்டுச் சரக்காக இருக்கலாம்.

* எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஒன்று அவசியம். ஏரியல் சரியாகப் பொருந்தாமல் பேசினால் சக்தி திரும்பி வந்து செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டரைப் பதம் பார்த்துவிடும்.

வாஷரில் சுற்றிய ரேடியோ

செட்டே வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் ‘பிட்எக்ஸ்’ என்றொரு செட்டை வடிவமைத்தார். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற சாதாரண பாகங்களே அதற்குப் போதும். காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரைப் பயன்படுத்தினார் என்றால் பாருங்கள்! அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு உலகம் பூராவும் ஆட்கள் செட்டு கட்டினார்கள். பாகங்கள் வாங்க லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். ஆனால் கட்டி முடித்துப் பேச வேண்டுமென்றால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

ஊமையான தீவுகள்

இத்தனை கெடுபிடி எதற்கு, செல்போன்தான் இருக்கிறதே என்று கேட்கலாம்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம், தம் குழுவினரோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். பொழுதுபோக்காக உலக ஹாம்களோடு பேசத்தான் அனுமதி வாங்கிப் போனார்கள். 26ஆம் தேதி காலையில் பூமி குலுங்கியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் செத்தன. தீவுகளின் கதி என்னவென்று வெளியே தெரியவில்லை. அவர் தங்கியிருந்த ஓட்டலில் இருந்த ஹாம் செட்டு பேசியது. உறவினர் பிழைத்தாரா இல்லையா என்று தவித்தவர்களுக்கு அந்தச் செட்டு வழியாகத்தான் தகவல் போனது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் சென்னையிலும் பல பகுதிகளில் செல்போன் ஊமையானதை யாரும் மறந்திருக்க முடியாது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஒரு கார் பாட்டரியும் 20 மீட்டர் கம்பியும் இருந்தால் ஹாம் பேசுவார்.

ஆனால் அன்றைக்கு அலைவரிசை காலியாக இருக்க வேண்டும். விளையாட்டுக்கு வாங்கியவன் எவனாவது நடுவில் புகுந்து “ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றால், கூரைமேல் நிற்பவனின் குரல் அடியில் போய்விடும். கடைக்காரர் லைசென்ஸ் கேட்பது அதற்காகத்தான்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் தேர்வு, அடுத்து லைசென்ஸ், பிறகு கம்பியும் கேபிளும், கடைசியில் செட்டு. லைசென்ஸ் கேட்கிற கடைக்காரரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!