இராமச்சந்திரன் வரைபடம்

இராமச்சந்திரன் வரைபடம் என்பது ஒரு புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடங்கலாம், எவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் வரைபடம் ஆகும். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் இதனை 1963-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்கின்றன.

தோற்றம்

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாசன். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்சு-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாசனுக்கு மூன்று சங்கிலிகள் கொண்ட முச்சுருள் அமைப்பை 1954-இல் முன்மொழிந்தனர். கொலாசனின் அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் வேதியியல் உண்மை இதற்குத் துணைநின்றது. கிளைசின் மிகச் சிறியது. சுருளின் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் அதுவே பொருந்தும்.

பின்னர் திருத்தப்பட்ட மாதிரியிலும் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிசு கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் குறை கூறினர். இக்குறையே புதிய ஆய்வுக்கு வழிவகுத்தது. அமைப்பு அறியப்பட்ட படிகங்களிலிருந்து, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் அளவுகளை இராமச்சந்திரன் குழுவினர் தொகுத்தனர்.

செயல்படும் முறை

சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்னும் இரு திருகு கோணங்கள் உள்ளன. இவற்றைக் கிடை அச்சிலும் நெடு அச்சிலும் குறித்து, அணுக்கள் மோதிக்கொள்ளாத பகுதிகளைக் கணக்கிட்டனர். வரைபடத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகவே அமைந்தது.

பயன்

புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகளில் பிழை உள்ளதா எனச் சோதிக்க, இவ்வரைபடம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.