டப்பாவும் நீரிழிவும்

மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பிழைப்பை நாடி வந்த நாம், ரயிலேறும்போது கனமான பண்டங்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஊறுகாய் ஊறிய பீங்கான் ஜாடியும், பித்தளைத் தூக்கும், புளிப்பானையும் ஊர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு ஏற்றது பிளாஸ்டிக் டப்பாதான். கனமில்லை, உடையாது, விலையும் மலிவு. அதைக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் அந்த டப்பாவிலிருந்து உணவில் இறங்குவது யாது என்று அறிந்துகொள்வது நலம்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. கெட்டியாகவும் கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கும் பாலிகார்பனேட் என்னும் வகை, பிஸ்பீனால்-ஏ என்ற இரசாயனத்தைக் கொண்டு ஆக்கப்படுவது. உணவடைத்த தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் இப்பொருள் வழங்கி வந்திருக்கிறது. வளைந்து கொடுக்கும் பி.வி.சி. வகைக்கு மென்மை தருபவை தாலேட்டுகள். இவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்தவையல்ல, கலந்து நிற்பவையே. ஆகவே எளிதில் வெளியேறும். சூடும், எண்ணெயும், நெடுநாள் தொடர்பும் அதனை விரைவுபடுத்தும். நம் சமையலில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை.

பிஸ்பீனால்-ஏ, ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோனைப் போல் செயற்படக்கூடியது என்பதை இங்கிலாந்தில் டாட்ஸ் என்னும் அறிஞர் 1936-லேயே எடுத்துக்காட்டினார். அதைக் கொண்டு பெருமளவில் பிளாஸ்டிக் செய்யத் தொடங்கியதோ அதற்குப் பின்னர்! ஹார்மோன் என்பது இம்மியளவிலேயே உடலுக்குக் கட்டளையிடுவது. அதன் வேடம் பூண்ட அந்நியப் பொருளுக்கும் சில உறுப்புகள் செவிசாய்த்துவிடுகின்றன. இன்சுலினைச் சுரக்கும் கணையம் அவற்றுள் ஒன்று. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2006-ல் எலிகளுக்குச் சில நாள் இதனைச் சிற்றளவில் கொடுத்தபோது இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது; ஆனால் உடல் அதற்குப் பணிவது குறைந்தது. நீரிழிவின் முன்வாசல் அதுவே. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 1,455 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. இப்பொருள் மிகுந்திருந்தவரிடையே நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன.

இங்கு நிதானம் வேண்டும். இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றே மற்றதை விளைவித்தது என்று முடிவுகட்ட இயலாது. டப்பாவில் அடைத்த உணவை மிகுதியாக உண்பவர் வேறு வகையிலும் நலங்கெட்டிருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணிப்பின்படி நம் நாட்டில் நீரிழிவுள்ளோர் சுமார் 10 கோடிப் பேர். அத்தனைக்கும் டப்பாவின்மீது பழிபோடுவது பேதைமை. பரம்பரையும், குவித்துண்ணும் சோறும், உட்கார்ந்தே செய்யும் உத்தியோகமும் முன்வரிசையில் நிற்கின்றன.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. இவ்விரசாயனங்களை உடல் விரைவிலேயே சிறுநீரில் கழித்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஐந்து குடும்பத்தினர் இருபது பேருக்கு, பிளாஸ்டிக்கும் தகரமும் படாத புத்துணவை மூன்றே நாள் அளித்துப் பார்த்தனர். பிஸ்பீனால்-ஏ சராசரியாக 66 சதவிகிதம் குறைந்துவிட்டது. அவ்வாய்வு 2011-ல் வெளிவந்தது. எனவே வழக்கத்தை மாற்றினால் பலன் அவ்வாரமே தொடங்கும்.

மாற்ற வேண்டியவையும் பெரிதல்ல. கொதிக்கும் சாம்பாரைப் பையில் கட்டி வாங்குவதைவிட எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்லலாம். பழைய குழம்பை டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்க வேண்டா. தண்ணீர் கேனை வெயிலில் நிறுத்த வேண்டா. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாய் எந்த டப்பாவில் வந்தாலும், வந்த அன்றே கண்ணாடிப் புட்டிக்கு மாறட்டும். டப்பாவின் அடியில் முக்கோணத்துள் ஓர் எண் இருக்கும். 3 என்றால் பி.வி.சி., 7 என்றால் பாலிகார்பனேட்டாக இருக்கக்கூடும். ‘பிஸ்பீனால்-ஏ அற்றது’ என்னும் சீட்டைக் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டா. பல இடங்களில் அதற்குப் பதிலாக அமர்ந்திருப்பது அதன் தம்பியான பிஸ்பீனால்-எஸ். குணமும் ஏறத்தாழ அண்ணனுடையதே.