'தம்' போட்ட திருவிழா!

பெங்களூர் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் ஆம்பூர் வந்துவிட்டது தெரிந்துவிடும். முதலில் தோல் வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டினால்... பிரியாணி! அங்கே ஒரு ஷூ கம்பெனியில் நான் அக்கவுன்ட்ஸ் கிளார்க். பகல் பன்னிரண்டரைக்கு மேல் என் கணக்கு டேலி ஆகாததற்கு முழுப் பொறுப்பும் பின்தெரு விறகு அடுப்புதான்.

ஆம்பூர்க்காரரிடம் பாசுமதி என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பார். சீரக சம்பாதான்! மிளகாய்த்தூளுக்கும் வேலையில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துப் போடுவார்கள். முக்கால் வேக்காட்டில் சோற்றை வடித்து, கறி மசாலாவோடு சேர்த்து, மூடியின் மேல் தணலை அள்ளிக் கொட்டி 'தம்'. தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஆற்காடு நவாப் வீட்டுச் சமையல்கட்டிலிருந்து வந்த கைப்பக்குவம் என்பார்கள்.

ரம்ஜான் மாதம் எனக்கு சீஸன். நோன்பு கிடையாது, கஞ்சி மட்டும் உண்டு! சாயங்காலம் தூக்கோடு பள்ளிவாசல் வரிசையில் நிற்பேன். "பாத்து புடி தம்பி, சுடும்" என்பதைத் தவிர ஊற்றுகிற பாய் வேறு எதுவும் கேட்டதில்லை.

2022 ரம்ஜான் முடிந்த கையோடு ஒரு அறிவிப்பு. மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா! நடத்துவது திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம். சம்பளத்தில் ஒரு பகுதியை அப்போதே மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன். கட்டிங் செக்‌ஷன் அண்ணனிடம் ஓடினேன்.

"நான் வரல தம்பி. மாட்டுக்கறி பிரியாணிக்கு அங்க எடமில்லயாமே."

"மூணு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணே. சிக்கன் இருக்கு, மட்டன் இருக்கு..."

எத்தனையோ மத்தியானம் அவர் பொட்டலத்திலிருந்து 'ஒரே ஒரு பீஸ்' எடுத்தவன் பேசுகிற பேச்சா அது! அண்ணன் கையிலிருந்த தோலைப் புரட்டிப் பார்த்தார்.

"இது கப்பலேறிப் போலாம். கறி மட்டும் கேட்டு தாண்டக் கூடாதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரன்தான், இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. இது பாகுபாடு இல்லையா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. அந்த நேரம் பார்த்து வந்தது மழை எச்சரிக்கை! திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மூடிக்கு மேலே தணல் கொட்டியதோடு சரி, 13-ம் தேதி ஒரு பருக்கைகூடப் பரிமாறவில்லை.

அந்த ஆகஸ்ட்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் முதலில் மாட்டிறைச்சிக் கடை இல்லை. சர்ச்சை கிளம்பிய பிறகு இடம் கொடுத்தார்கள். பேப்பரை எடுத்துக்கொண்டு கட்டிங் செக்‌ஷனுக்கு ஓடினேன்.

அண்ணன் நிதானமாகப் படித்தார். பேப்பரை இரண்டாகக் கிழித்து டேபிளில் விரித்தார். பையிலிருந்து பார்சலை எடுத்தார். ஒன்றல்ல, இரண்டு!

"மெட்ராஸ்ல எடம் குடுத்தா, நமக்கு இன்னா? நீ உக்காரு, ஆறிடப் போவுது. இன்னிக்காவது உன் பொட்டலத்துல துன்னு!"