தனியாகத் தூக்க முடிகிற வண்டி

அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். லடாக் போக எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கப் போயிருந்தேன். எத்தனை சிசி, எவ்வளவு மைலேஜ், எவ்வளவு வேகம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, மெக்கானிக் எதற்கும் பதில் சொல்லவில்லை. தரையில் இரண்டு பழைய டயர்களைப் போட்டார். தன்னுடைய ஹிமாலயன் 450 பைக்கை அவற்றின்மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். “தம்பி, இதைத் தனியா நிமிர்த்துங்க. அப்புறம் பேசலாம்” என்றார்.

ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. “கையால இல்லண்ணே, திரும்பி நின்னு இடுப்பை சீட்ல முட்டுக் கொடுங்க. முழங்காலை மடக்கி, காலால பின்னாடி தள்ளுங்க” என்று பக்கத்தில் நின்ற பையன் சொல்லிக்கொடுத்தான். மூன்றாவது முயற்சியில் வண்டி எழுந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. “இங்க காத்து முழுசா இருக்கு. அங்க பாதிதான் இருக்கும்” என்றார் மெக்கானிக்.

பாதி என்று அவர் சொன்னது கிட்டத்தட்ட சரியான கணக்கு. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். படுத்துக் கிடக்கும் வண்டியைத் தூக்கும் முதல் நொடியில் அதன் எடையில் ஏறக்குறைய பாதி நம் மேல் விழுகிறது. நிமிர நிமிர வண்டியின் எடைமையம் சக்கரங்களுக்கு நேர் மேலே வருவதால் பாரம் குறைந்துகொண்டே வரும். ஹிமாலயன் 450-ன் எடை 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 158 கிலோ. வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பிடித்த பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. ஆளில்லாத மலைப்பாதையில், மணலில் சரிந்த வண்டியை ஒரு நாளில் நாலைந்து முறை தூக்க வேண்டி வந்தால் எது உங்களோடு ஊர் திரும்பும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

சாலையிலும் ஓடி, கரடுமுரடான பாதையிலும் போகிற ‘டூயல் ஸ்போர்ட்’ வண்டி புதிய யோசனை அல்ல. 1968-ல் யமஹா டிடி-1 வந்தபோதே இந்த வகை பெரிய சந்தையைப் பிடித்துவிட்டது. 1979-ல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள்களில் வென்றது சிரில் நெவூ ஓட்டிய யமஹா எக்ஸ்டி500, ஒற்றை சிலிண்டர் வண்டி. சஹாராவைக் கடக்க அது போதுமானதாக இருந்தது. இப்போது பத்தாண்டுகளுக்கும் மேலாக டக்காரில் பைக்குகளுக்கு 450 சிசி என்ற உச்சவரம்பு இருக்கிறது. நம் ஊர் ஷோரூம்களிலோ “இன்னும் பெரிய இன்ஜின் இருக்கு சார்” என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

மலையேறச் சக்தி வேண்டாமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி, ஓட்டுபவர், மூட்டை எல்லாம் சேர்த்து 260 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். புவியீர்ப்பை எதிர்த்து இந்த எடையை மேலே கொண்டுபோக 2 குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. மணலும் சரளையும் உறிஞ்சுவதற்கு இன்னும் சில மடங்கு சேர்த்துக்கொண்டாலும், 200 சிசி இன்ஜினால் முடிகிற வேலைதான். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் இன்ஜின் தன் சக்தியில் 40 சதவீதம்வரை இழக்கும் என்பது உண்மை. லடாக் போகும் வழியிலுள்ள தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்குமேல் இருக்கிறது. அங்கே 40 குதிரைத்திறன் வண்டி 24-க்கு இறங்கிவிடும், 19 குதிரைத்திறன் வண்டி 11-க்கு. அந்த 11-ம் மெதுவாக ஏறப் போதும். நமக்கு வேண்டியது நல்ல முதல் கியர். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவிசை 7 சதவீதம் கூடும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

சக்தியைவிட முக்கியம், பெட்ரோலை இன்ஜினுக்குக் கொடுக்கும் விதம். கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. காற்று மெலிந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை கெட்டியாகி, சைலன்சர் கறுப்புப் புகை கக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வண்டி திணறும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷனில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கிறது. 2016-ல் கார்புரேட்டரோடு வந்த முதல் ஹிமாலயன் மறு வருடமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முன் சக்கரத்தைப் பாருங்கள். பல சாதாரண பைக்குகளில் 17 அங்குலம். இந்த வகையில் பெரும்பாலும் 21. அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. பத்து சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று பாதையில் கிடக்கிறது. சிறிய சக்கரம் அதன் மேல் முட்டும் கோணம் செங்குத்து. பெரிய சக்கரத்துக்குக் கோணம் தாழ்கிறது. டயரோடு சேர்த்து அளந்து கணக்கிட்டால், அதே கல்லில் ஏற 17 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் தள்ளுவிசை வேண்டும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு கல்லிலும் ஓட்டுபவரின் மணிக்கட்டில் வந்து இறங்கும். மலைப்பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை கல்! அலாய் வீலைவிட ஸ்போக் வீல் இங்கே நல்லது. கடுமையாக அடிபட்டால் அலாய் விரிசல் விடலாம். ஸ்போக் வீல் வளையும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்திக் கொஞ்ச தூரம் போய்விடலாம்.

உயரம்தான் இதில் சிக்கல். சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும், அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லிமீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றால் சீட்டும் மேலே போகும். 825 மில்லிமீட்டர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் முழுதாக ஊன்ற எல்லோராலும் முடியாது. ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் ஷூ போட்டு, மூட்டை கட்டி, சரிவான இடத்தில் நிறுத்தி ஊன்றிப் பார்க்க வேண்டும். ஷோரூமின் பளிங்குத் தரை அதைக் காட்டாது.

மணாலி–லே சாலையில் டண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பல ஆண்டுகளாக ஒரு பலகை நின்றது. அந்தப் பலகை முன்னால் நின்று படம் எடுக்காத பைக் ஓட்டிகள் குறைவு. லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் 15 லிட்டர் டேங்க் என்றால் காகிதத்தில் 420 கிலோமீட்டர். முதல், இரண்டாம் கியரிலேயே உருட்டினால் அது மளமளவென்று சரியும். பின்னால் கேன் கட்டத்தான் வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்பதையும் மறக்கக் கூடாது.

மணாலியிலிருந்து ஸ்பிட்டி போகும் பாதையில் பாகல் நாலா என்று ஓர் ஓடை. பெயருக்குப் பைத்தியக்கார ஓடை என்று பொருள். மலையில் உறைந்த பனி வெயிலில் உருகி வருவதால், காலையில் கணுக்கால் அளவு ஓடும் இந்த மாதிரி ஓடைகள் பிற்பகலில் பொங்கும். வண்டி மூச்சிழுக்கும் வாய், அதாவது ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அது தண்ணீரைக் குடித்தால் சிலிண்டருக்குள் நீர் போகும். நீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே போக முடியாமல் நின்றுவிடும், கனெக்டிங் ராடு வளையவும் கூடும். தண்ணீரில் விழுந்து நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

சிறிய வண்டிக்கும் விலை உண்டு. சென்னையிலிருந்து மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. 200 சிசி வண்டியில் நாள் முழுக்கக் கைப்பிடியை முறுக்கியபடியே போவது உடம்பை அடித்துப் போடும். பலர் டேங்க்கைக் காலி செய்து ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. எக்ஸ்பல்ஸையே வாங்கினேன்.

கிளம்புவதற்கு முதல் வாரம், கட்டி வைத்த மூட்டைகளைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினேன். 34 கிலோ. கடைக்காரர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயே நடைபாதையில் பிரித்தேன். இரண்டாவது ஜோடி ஷூ, கேமரா ஸ்டாண்டு, மடக்கு நாற்காலி, நாலு ஜீன்ஸ் எல்லாம் வெளியே வந்தன. டியூப், பஞ்சர் கிட், கைப்பம்பு, கிளட்ச் கேபிள், ஸ்பேனர்கள், கம்பளி உடைகள் உள்ளே இருந்தன. மறுபடி ஏற்றினேன். முள் 19-ல் நின்றது.